கடைமடை மரியாதை

பாரிஸ்,
1934 நவம்பர் 12

மாப்ளே சுப்பராயலு,

உனக்கும் தையலம்மாள் தங்கச்சிக்கும் ஹலீமின் சலாம். கப்பலை விட்டு இறங்கி ஒரு மாதம் ஆகிறது. உடம்பு நலம்தான், குளிர்தான் ஆளைப் பிடித்துத் தின்கிறது. நீ கொடுத்த கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதில் உன் மாட்டுக்கொட்டகை வாசனை இன்னும் போகவில்லை. வீட்டுக்காரி என் அறைக்குள் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள்.

நான் என்ன படிக்கிறேன் என்று நீ கேட்டிருந்தாய். கப்பலேறும்போது அத்தாவும் அதைத்தான் கேட்டார். "நம்மூரைப் படிக்கறதுக்கு அந்த ஊருக்கு எதுக்குடா போற?" அவருக்குச் சொல்லத் தெரியாததை உனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். இங்கே பல்கலைக்கழகத்தில் உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்கு ஒரு பிரிவு. நம்முடைய துண்டு இந்தியா. அதை ஒரே ஆள் சொல்லிக்கொடுப்பதில்லை. மண்ணையும் மழையையும் சொல்ல ஒருவர், சரித்திரத்துக்கு ஒருவர், சட்டத்துக்கு ஒருவர், பாஷைக்கு ஓர் அம்மாள், ஜனங்களின் நடைமுறைக்கு முசியே கொர்தியே என்று ஒரு பெரியவர். ஐந்து பேரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து நம் ஊரைப் பிய்த்துப் பிய்த்துப் பார்க்கிறார்கள். பாஷை அம்மாள் தமிழைக் கல்வெட்டில் கற்றவள். முதல் நாள் என்னைப் பார்த்து, "நீவிர் உண்டீரோ" என்றாள். நான் பதில் சொல்லத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. ஐந்து பேரும் சேர்ந்து அறுபத்துநான்கு கேள்விகள் தயார் செய்திருக்கிறார்கள். ஒரே ஊரைப் பற்றி எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். நான் பாகூரை எடுத்துக்கொண்டேன். ஆனால் எங்களைத்தான் உனக்குத் தெரியுமே. மூன்று தலைமுறையாகக் கடைக்காரர்கள். நெல்லை நான் மூட்டையில்தான் பார்த்திருக்கிறேன், கழனியில் கால் வைத்ததில்லை. நீ ஏரிச் சங்கத்தில் இருக்கிறாய், முதல் மடை நிலம் உன்னுடையது. கேள்விகளைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ எழுதுவதை அப்படியே பிரெஞ்சில் போடுவேன். உள்ளதை உள்ளபடி எழுது.

உன்,
அப்துல் ஹலீம்


பாகூர்,
1934 டிசம்பர் 22

மாப்ளே ஹலீம்,

இங்கே எல்லாரும் சுகம், செவலைக் காளைக்கு மட்டும் கழிச்சல். பங்காரு வாய்க்காலில் இரண்டு கரையும் தொட்டு வெள்ளம் வந்து ஏரி நிறைந்துவிட்டது. உன் அத்தாவை நேற்றுக் கடையில் பார்த்தேன். நீ அனுப்பிய புகைப்படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "எம் மவன், பாரீசுல" என்கிறார். உப்பு வாங்கப் போனவன் உன் படத்தைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

உன் கேள்விகளைப் படித்து நானும் தையலும் வயிறு நோகச் சிரித்தோம். ஏழாம் கேள்வி, வீட்டில் முதலில் சாப்பிடுவது யார் என்பது. "மாடுன்னு எழுது. அப்புறம் நீ. மிச்சம் இருந்தா நான்" என்றாள். அப்படியே எழுதிவிட்டேன். அத்தனை படித்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கடா? நாங்கள் மழைக்கு எத்தனை பெயர் வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அந்த அம்மாள் என்ன செய்யப் போகிறாள்? இருந்தாலும் நீ கேட்டதற்காக, பத்து நாள் மற்ற வேலைகளை விட்டு உட்கார்ந்து, அறுபத்துநான்குக்கும் எழுதியிருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் கேள்வி தண்ணீரைப் பற்றியது. "ஏரி மதகு முதன்முதல் திறக்கும்போது நீர் யாருடைய நிலத்துக்கு முதலில் பாய்கிறது? எந்த வழக்கத்தின்படி?" என்று இருந்தது. அதற்கு என் பதில் இது. தை பிறந்து நவரை நடவுக்கு மதகு திறக்கும் அன்று, வாய்க்காலின் இரு பக்கமும் உள்ள நிலக்காரர்கள் பதினொரு பேரும் தங்கள் மடைகளை அடைத்துவிடுவார்கள். தண்ணீர் எங்கும் திரும்பாமல் நேரே வாய்க்காலின் கடைசிக்கு, சேரிக்காரர்களின் நிலத்துக்குப் போகும். அங்கே கழனி நிறைந்த பிறகுதான் மேலே உள்ளவர்கள் தங்கள் மடையைத் திறப்பார்கள். முதல் மடைக்காரன் தண்ணீரோடு கூடவே கரைமேல் கடைசி வரைக்கும் நடந்து போவான், நடுவில் யாரும் மடை திறக்காமல் பார்ப்பதற்கு.

போதுமா? பாக்கி எல்லாம் தனித்தாளில் இருக்கிறது. பால் சேர்த்த பானம் ஏதாவது குடி, படத்தில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

உன்,
சுப்பராயலு


பாரிஸ்,
1935 பிப்ரவரி 3

என் அருமை மாப்ளே,

நீ என்ன செய்துவிட்டாய் என்று உனக்குத் தெரியாது. உன் தாள்களைப் பிரெஞ்சில் ஆக்கி மேசையில் வைத்தேன். முசியே கொர்தியே நாற்பத்தொன்றை எடுத்து எல்லாருக்கும் உரக்கப் படித்தார். படித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டக்காரர், இப்படி ஒரு விதி எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது என்றார். மண்ணைப் படிப்பவர் உடனே கோடு போட்டுக் கணக்குப் பார்த்தார். அத்தனை தூரம் தண்ணீரை விட்டுக்கொடுத்தால் மேல்நிலக்காரர்களுக்கு எத்தனை நாள் தாமதம் ஆகும் என்று எனக்கே காட்டினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் லியோனிலிருந்து வந்த ஒருவன் இருக்கிறான், கெட்டவன் இல்லை, வாய்தான் நீளம். இந்தியாவில் கீழ்ச்சாதி என்று சொல்லிச் சிலருக்குத் தண்ணீர் கூடக் கொடுக்கமாட்டார்களாமே என்று கேட்டான். நான் எழுந்து நின்றேன். என் ஊரில் அப்படி இல்லை, கடைசியில் இருப்பவனுக்குத்தான் முதல் தண்ணீர் என்றேன். சொல்லும்போது பெருமையாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்த ஊரில் இருந்தேன், எங்கள் கடையிலிருந்து ஏரிக்கரை கூப்பிடு தூரம், எனக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

என் ஆய்வுக் கட்டுரையே இதைப்பற்றித்தான் என்று முடிவாகிவிட்டது. மே மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். தேறினால் இந்தப் பிரிவிலேயே தமிழ் சொல்லிக்கொடுக்கும் உத்தியோகத்தை எனக்குத் தருவதாக முசியே வாக்குக் கொடுத்திருக்கிறார். பாஷை அம்மாளே முன்மொழிந்தாள். ஆகவே சீக்கிரம் எழுது. இந்த வழக்கத்துக்கு ஊரில் என்ன பெயர்? எவ்வளவு காலமாக நடக்கிறது?

உன் ஹலீம்


பாகூர்,
1935 மார்ச் 6

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. செவலை பிழைத்துக்கொண்டது, ஆனால் இடப்பக்கத்து மாடு முரண்டு பிடிக்கிறது. தையலுக்கு இது ஐந்தாம் மாதம், புளி என்று கேட்டால் புளிதான் வேண்டும். திருக்கனூர் சந்தையில் விதைநெல் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. வில்லியனூர்த் தேருக்குப் போக வேண்டும் என்று வீட்டில் இப்போதே பேச்சு.

நீ கேட்டது. பெயர் கடைமடை மரியாதை என்று வைத்துக்கொள். தாத்தா காலத்திலிருந்து என்று எழுது. இதைப்போய் இவ்வளவு பெரிதாக எழுதுவானேன்? முப்பத்துமூன்றாம் கேள்விக்கு மாட்டு வைத்தியத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேனே, அது ஒவ்வொரு சொல்லும் சத்தியம். அதை எடுத்துக்கொண்டால் உன் முசியே அசந்துபோவார். யோசித்துப் பார்.

சுப்பராயலு


பாரிஸ்,
1935 ஏப்ரல் 8

மாப்ளே,

உன் அடக்கம் எனக்குத் தெரியாதா? காளைக் கழிச்சலைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினால் அத்தா என்னை வீட்டில் சேர்க்கமாட்டார்.

கட்டுரை முக்கால்வாசி முடிந்தது. ஒன்றுதான் பாக்கி. "கொடுக்கிறவன் சொன்னதைத்தானே எழுதியிருக்கிறாய், வாங்குகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று முசியே கேட்டார். நியாயம்தானே? தனித்தாளில் நீ எழுதிய இன்னொரு பதிலில், வாய்க்கால் கடைசியில் அரைக்காணி வைத்திருக்கும் காசம்மாள் என்று ஒரு பெயர் வந்தது. நம் கடைக்குச் சேரியிலிருந்து முறம் கொண்டுவந்து கொடுப்பாளே, அந்தக் காசம்மாள்தானே? அவளிடம் போ. முதல் தண்ணீர் தன் கழனியில் வந்து விழும்போது அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேள். அவள் சொல்கிறபடியே, வார்த்தை மாற்றாமல் எழுதி அனுப்பு. கட்டுரையின் முடிவில் அவள் பேச்சுத்தான் இருக்க வேண்டும்.

தங்கச்சியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். புளியை மறுக்காதே.

உன் ஹலீம்


தந்தி
புதுச்சேரி, 1935 மே 7
பெறுநர்: அப்துல் ஹலீம், பாரிஸ்

நாற்பத்தொன்று பொய். கொடுக்காதே. கடிதம் வருகிறது. சுப்பராயலு.


பாகூர்,
1935 மே 7

ஹலீம்,

இன்று காலையில் புதுச்சேரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தேன். தந்தியில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி முந்தாநாள் காசம்மாளிடம் போனேன். அவள் கழனியில் மண்கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தடியைக் கீழே போட்டுவிட்டுத் தலைத்துணியை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பிரான்சு தேசத்திலிருந்து ஒரு கேள்வி வந்திருக்கிறது என்றேன். உன் கடிதத்தையும், நான் எழுதியதன் நகலையும் படித்துக் காட்டினேன். எதற்குப் படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அவளே ஏதாவது சொல்லி என்னைக் காப்பாற்றிவிடுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இன்னா ஆண்டே, இது எந்த ஊரு பாகூரு? அந்த ஊருக்கு என்ன இட்டுனு போயேன். இந்த அரைக்காணிய சுருட்டிக் கக்கத்துல வச்சினு கூடவே வந்துட்றேன்" என்றாள்.

நான் தாளை மடிக்கப் பார்த்தேன். அவளும் விடவில்லை. "எழுதினா நடந்ததாயிடும்னா, இன்னொரு வரி போட்டுடு ஆண்டே. காசம்மா கழனி வெளைஞ்சிது, மூணு போகம்னு போடு. உனக்கு மை தானே செலவு."

சொல்லிவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டாள். அவள் பேச்சை வார்த்தை மாற்றாமல் கேட்டிருந்தாய், எழுதிவிட்டேன்.

நடப்பது இதுதான். மதகு திறந்தால் முதல் தண்ணீர் எனக்கு. பிறகு அடுத்த மடை, அதற்கடுத்த மடை. பதினொரு பேரும் குடித்து மிஞ்சினால் சேரிக்கு. ஏழு வருஷத்தில் மூன்று வருஷம் அங்கே ஒரு சொட்டுப் போனதில்லை. போன தையிலும் போகவில்லை. நான் சங்கத்தில்தான் இருக்கிறேன், ஒரு நாள் வாய் திறந்ததில்லை.

டிசம்பரில் நாற்பத்தொன்றுக்கு முதலில் உண்மையைத்தான் எழுதினேன் மாப்ளே. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். இத்தனை நாள் அது எனக்குத் தப்பாகவே தோன்றியதில்லை. வெள்ளைக்காரன் படிக்கப் போகிறான் என்றதும் கூசிப்போனேன். கிழித்துவிட்டேன். எப்படி நடந்தால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்குமோ அப்படி எழுதினேன். அதற்குப் பிறகு நீ பெயர் கேட்டாய், பெயர் வைத்தேன். காலம் கேட்டாய், இறந்துபோன தாத்தாவை இழுத்தேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், நான் ஐந்து மாதம் இழுத்துவிட்டேன்.

உன் படிப்பில் மண்ணைப் போட்டது நான்தான். வேறு யாரையும் சொல்ல முடியாது. மன்னித்துக்கொள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

சுப்பராயலு


பாரிஸ்,
1935 ஜூன் 5

சுப்பராயலு அவர்களுக்கு,

உங்கள் தந்தி மே மாதம் எட்டாம் தேதியும் கடிதம் நேற்றும் கிடைத்தன.

தந்தி வந்தபோது கட்டுரையைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஊர் சுற்றினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. பாகூருக்கு இங்கிருந்து எவன் வந்து பார்க்கப் போகிறான்? மூன்றாம் நாள் முசியே கொர்தியேயிடம் போய்த் தந்தியை மேசைமேல் வைத்தேன். அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். ஒரு கேள்விதான் கேட்டார். "இது ஒன்று பொய் என்றால், மற்ற அறுபத்துமூன்றையும் நான் எதை வைத்து நம்புவது?" உங்கள் காளையைப் பற்றியதெல்லாம் சத்தியம் என்று சொல்லவா?

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. உத்தியோகம் வேறொருவருக்குப் போய்விட்டது. இப்போது ஒரு அச்சுக்கூடத்தில் புத்தகம் தைக்கிறேன். அடுத்த வருஷம் மறுபடி எழுதிக்கொடுக்க அனுமதி தந்திருக்கிறார்கள், எதைப்பற்றி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அது போனால் போகட்டும். வெள்ளைக்காரனிடம் வெட்கப்பட்டுப் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை உங்களுக்கு அனுப்பியது வெள்ளைக்காரன் இல்லை, நான். நீங்கள் பொய் சொன்னது என்னிடம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு மாதம் இந்த ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். அந்த லியோன்காரன் முன்னால் எழுந்து நின்றேன். நேற்று அவனிடமும் போய், நான் சொன்னது உண்மை இல்லை என்று சொல்லிவிட்டேன். அவன் என் தோளில் தட்டிக்கொடுத்தான். சிரித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

அப்துல் ஹலீம்


பாகூர்,
1935 செப்டம்பர் 2

ஹலீம்,

எழுத வேண்டாம் என்றாய். ஒரு செய்திக்காக எழுதுகிறேன். தையலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். உன் அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பதில் எதிர்பார்க்கவில்லை.

சுப்பராயலு


பாகூர்,
1936 பிப்ரவரி 1

மாப்ளே,

நீ இதைப் பிரிக்காமலே போட்டுவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன். எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

மார்கழிக் கடைசியில் ஏரிச் சங்கம் கூடியது. மதகு திறக்க நாள் குறித்தார்கள். நான் எழுந்து, இந்த வருஷம் முதல் தண்ணீர் கடைமடைக்குப் போகட்டும் என்றேன். நடுமடை மணவாளன் சிரித்தான். "இன்னா சுப்பு, வூட்ல பொண்ணு பொறந்ததுல இருந்து தர்மம் ஜாஸ்தியா பூடுச்சா?" எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். என் முறை முதல் முறை, அதை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்றேன். "உன்னுத நீ குடு. உன் மடைக்குக் கீழ வந்துட்டா அது எங்க தண்ணி" என்றார் அவனுக்குப் பக்கத்து மடைக்காரர் பொன்னுரங்கம். அதுவும் சரிதான். பத்துப் பேர் மடையை அடைக்காமல் நான் ஒருவன் கொடுத்து என்ன ஆகும்?

அப்போது எனக்கு வேறு வழி தோன்றவில்லை. உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். ஐந்து பேராசிரியர்கள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தது, சட்டக்காரர் சொன்னது, எல்லாம். படித்துவிட்டு, இது நான் சொன்ன பொய், இந்தப் பொய்யால் ஹலீமின் படிப்புப் போனது என்றும் சொன்னேன். "அப்போ நம்மூரு பேரு பாரீசுல கெட்டுப் பூடுச்சா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கெட்டுவிட்டது என்றேன். "எவனாவது நேர்ல வந்து பாத்துட்டான்னா?" என்று இன்னொருவர். என்னைப் பொய் சொல்ல வைத்த அதே வெட்கம்தான் மாப்ளே, அது அவர்களையும் பிடித்துக்கொண்டது. நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். நல்ல எண்ணத்தால் ஒப்புக்கொண்டார்கள் என்று உனக்கு எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஒரு வருஷம் மட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

தை பதினொன்றாம் தேதி காலையில், மதகுக்கார குழந்தைவேல் சாமி கும்பிட்டுவிட்டுத் திறந்தான். என் மடையில் நானே மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தேன். அடைக்கும்போது கை தயங்கியது, அதையும் மறைக்கவில்லை. தண்ணீர் நுரையைத் தள்ளிக்கொண்டு போனது. நான் கூடவே கரைமேல் நடந்தேன். ஆறாவது மடை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சில பேர் வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். நடுமடை தாண்டினதும் தண்ணீரின் வேகம் குறைந்தது. திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் மூன்று மடை திறந்திருந்தது.

கடைமடைக்குப் போனபோது தண்ணீர் விரல் கனம்தான் இருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்தது. காசம்மாள் வரப்பில் நின்றிருந்தாள். கழனியில் கால்வாசி நனைந்தது, அதற்குமேல் ஏறவில்லை. அவள் குனிந்து மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தாள். எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இவ்வளவு ஆன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

"அடுத்த வருசம்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். இந்த முறை ஆண்டே என்று கூப்பிடவில்லை.

மடை திறந்த மூன்று பேர் யார் என்று எழுத வேண்டும். மணவாளன் ஒருவன். பொன்னுரங்கம் ஒருவர். இரண்டு பேர் என்று எழுதி முடித்துவிடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு ஒருக்காலும் தெரியப் போவதில்லை. மூன்றாவது உன் அத்தா.

போன புரட்டாசியில் ஒரு மடுகரைக்காரரிடமிருந்து நடுமடையில் ஒரு காணி வாங்கினார். நீ திரும்பி வந்தால் கடையில் உட்காரமாட்டாய், நிலமாவது இருக்கட்டும் என்று உன் அம்மாவிடம் சொன்னாராம். அவருக்கு இதுதான் முதல் நடவு. மடைகள் திறந்திருந்ததைப் பார்த்து நான் திரும்பி ஓடியபோது குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மடையருகே நின்றிருந்தார். மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் கையாலேயே மண்ணை வாரி எறிந்து மடையைத் திறந்திருந்தார். சட்டையெல்லாம் சேறு. "நாத்து மஞ்சளா பூடுச்சு தம்பி. ஒரு நா தாங்காதுன்னாங்க. நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் சண்டை போடவில்லை. ஹலீமுக்கு எழுதுவேன் என்று மட்டும் சொன்னேன். "எழுதாதப்பா" என்றார். எழுதிவிட்டேன்.

சுப்பராயலு


பாரிஸ்,
1936 ஜூன் 21

மாப்ளே சுப்பராயலு,

உன் கடிதம் பிப்ரவரிக் கடைசியிலேயே வந்துவிட்டது. பிரிக்க மூன்று நாள் ஆனது. பதில் எழுத நாலு மாதம் ஆகிவிட்டது. கோபத்தினால் இல்லை, வேலை இருந்தது.

கட்டுரையை மறுபடி எழுதினேன். போன வருஷத்து மாதிரி அழகாக இல்லை. பாகூர் வாய்க்காலில் தண்ணீர் எப்படிப் பாய்கிறது, யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை என்பதை நீ மே மாதம் எழுதியபடியே போட்டேன். பிறகு ஒரு பொய் ஏன் சொல்லப்பட்டது, அது எப்படி ஒரு வருஷம் கால்வாசி உண்மையானது என்பதையும் எழுதினேன். காசம்மாள் மே மாதம் சொன்னதையும் தையில் கேட்டதையும் அவள் பெயரோடு வார்த்தை மாற்றாமல் போட்டேன். பாஷை அம்மாள் அதைப் படித்துவிட்டு, "இந்தத் தமிழை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையே" என்றாள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

நடுமடையில் மூவர் தண்ணீரைத் திருப்பினார்கள் என்று எழுதி, அவர்களில் ஒருவர் இதை எழுதுபவனின் தகப்பனார் என்று அடுத்த வரி எழுதினேன். முசியே கொர்தியே பென்சிலால் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, இது அவசியமில்லை, எடுத்துவிடலாம் என்றார். என்மேல் உள்ள அக்கறையினால்தான் சொன்னார். கையில் ரப்பரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ டிசம்பரில் ஒரு தாளைக் கிழித்தாயே, அப்போது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உனக்கு நான் எழுதிய அந்த ஜூன் மாதக் கடிதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீ முன்னால் எழுதியிருக்காவிட்டால் நான் அந்த வரியை அழித்திருப்பேன் மாப்ளே. அழிக்கவில்லை.

போன வாரம் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். உத்தியோகம் கிடையாது. அச்சுக்கூடத்தில் கார்த்திகை வரைக்கும் வேலை செய்துவிட்டு, தைக்கு முன்னால் பாகூர் வந்து சேர்வேன். சங்கத்தில் ஒரு வருஷம் மட்டும் என்றுதானே ஒப்புக்கொண்டார்கள்? அடுத்ததற்கு நீ ஒருவன் நடந்தால் போதாது, பின்னாலும் ஓர் ஆள் வேண்டும். நடுமடையில் நான் நின்றுகொள்கிறேன். அந்த ஒரு மடையையாவது என்னால் அடைக்க முடியும்.

உன் மகளுக்கு என்ன பெயர் வைத்தாய் என்று எழுதவில்லையே. தங்கச்சிக்கு என் சலாம்.

அத்தாவுக்கு எல்லாவற்றையும் எழுதி ஏப்ரலில் அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. கடைப்பக்கம் போனால், என் படம் கல்லாவுக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்து எழுது. இல்லாவிட்டாலும் இல்லை என்றே எழுது.

உன்,
ஹலீம்